தீட்டும் தேவதிரவிய அனுமானமும்

ஆவூர்ப் பெரியநாயகி மாதா கோயிலைக் காணப் புதுக்கோட்டைப் பக்கம் செல்வோர், 1747இல் எழுந்த அதன் கட்டடத்தை வியந்து, வீரமாமுனிவர் அங்கே ஊழியம் புரிந்தார் என்று கேட்டு மகிழ்ந்து திரும்புகிறார்கள்; அக்கட்டடம் எழுவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன்னர், அக்கோயில் சார்ந்திருந்த மதுரை மிஷனின் ஆசாரங்கள் பற்றி ரோமாபுரியிலிருந்து முடிவான தீர்ப்பு வந்தது என்பதை அவர்களுக்குச் சொல்வாரில்லை.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலி, பரங்கி என்ற பெயர் ஒட்டினால் உயர்குலத்தார் காதுகொடுத்தும் கேளார் என்று கண்டு, சந்நியாசி வேடம் பூண்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் குல வழக்கங்களேயன்றிச் சமயச் சின்னங்கள் அல்ல என்னும் அவரது வாதத்தை 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் ஏற்றார். வேதத்தை அந்நிய நாட்டு உடையிலிருந்து பிரித்தெடுத்த இந்தத் துணிவு பாராட்டத்தக்கது. ஞானஸ்நானத்தில் உமிழ்நீர் தொட்டு வைக்கும் சடங்கை விலக்கியதையும் நான் குறைகூற மாட்டேன். எச்சிலை அருவருக்கும் நாட்டில் அதை வற்புறுத்துவது விவேகமாகாது.

ஆனால் அதே விவேகம், சேரியின் எல்லைக்கு வந்ததும் கால் தயங்கி நின்றது. தாழ்த்தப்பட்டோருக்கெனப் பண்டாரசுவாமிகள் என்ற தனி வகைக் குருமார் ஏற்பட்டனர். 1693இல் ஓரியூரில் வெட்டுண்ட அருளானந்தரும் அவ்வகையினரே. அவர்களுடைய உழைப்பு பெரிது. ஆயினும் மரணப்படுக்கையில் கிடப்பவன் குடிசைக்குள் குருவானவர் நுழையலாகாது என்ற கட்டுப்பாடு, அவஸ்தைப்பூசுதலுக்கே தீட்டுப் பார்ப்பதாக முடிந்தது.

இவ்விடத்தில் ஆப்பிரிக்கத் திருச்சபையின் பழைய பிளவு நினைவுக்கு வருகிறது. 303இல் தொடங்கிய கலாபனையில் வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரின் கையால் கார்த்தேஜ் மேற்றிராணியார் செசிலியான் அபிஷேகம் பெற்றதால் அது செல்லாது என்று தொனாத்துக் கட்சியார் பிரிந்து சென்றார்கள். 314இல் ஆர்ல் சங்கம் அவர்களை மறுத்தது. தேவதிரவிய அனுமானம் கிறிஸ்துநாதருடையது, குருவின் பாவத்தால் அது கறைபடாது என்று அர்ச்சியசிஷ்ட அகுஸ்தீனார் வாதிட்டார். கொடுப்பவன் அசுத்தமே அனுமானத்தைத் தொடாதென்றால், பெறுபவன் பிறந்த சாதி எப்படித் தொடும்? தொனாத்துக்காரர்களாவது மனிதர் செய்த செயலைப் பார்த்தார்கள். இங்கே பார்க்கப்பட்டது பிறப்பு.

1704இல் புதுச்சேரியில், பாப்பரசரின் தூதராக வந்திருந்த, பின்னாளில் கர்தினாலான துர்நோன், குடிசைக்குள் குருவானவர் நுழையலாகாது என்ற அத்தடையைக் கண்டித்து ஆணையிட்டார். மதுரை மிஷனை நடத்திய சேசு சபையார் மேல்முறையிட்டார்கள். சேரிக்குள் சென்ற குருவை மறுநாள் ஊருக்குள் விடமாட்டார்கள், மிஷனே அழியும் என்ற அவர்களது அச்சம் பொய்யன்று. நாற்பதாண்டு வழக்குக்குப் பின் 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர், நோயாளியின் இல்லத்துக்கே சென்று அனுமானம் கொடுக்கத் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குருமாரை நியமிக்கும் சமரசத்தை ஏற்றார். சாகிறவனுக்கு அது நன்மையே. எனினும் பிரிவினைக்கு ரோமாபுரியின் அங்கீகாரமும் அதனோடு சேர்ந்தே கிடைத்தது. கார்த்தேஜில் வென்ற நியாயத்தைத் திருச்சபை தமிழ்நாட்டுச் சேரியின் வாசலில் முழுமையாக எடுத்தாளவில்லை என்பதே என் முடிவு.