கையெழுத்துக்கு வரும் அட்டை

பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்வது பள்ளி காட்டும் சலுகை அல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24-ஆவது பிரிவில் அதை ஆசிரியரின் கடமை என்கிறது. பெற்றோரை முறையாகச் சந்தித்து வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் மூன்றையும் தெரிவிக்க வேண்டும். வருகைக் கணக்கு ஒழுங்காக வந்துவிடுகிறது. மற்ற இரண்டுக்கும் பதிலாக மதிப்பெண் வருகிறது.

அதே சட்டம் வலியுறுத்திய தொடர் மதிப்பீடு நல்ல ஏற்பாடுதான். கர்நாடக மாநிலப் பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு நான்கு எஃப்.ஏ. (வளரறி மதிப்பீடு), இரண்டு எஸ்.ஏ. (தொகுத்தறி மதிப்பீடு). முழுஆண்டுப் பரீட்சையன்று காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு ஆண்டே போச்சு என்ற பயம் குறைந்தது. பின்னத்தில் தடுமாறுகிறவளை முதல் பருவத்திலேயே அடையாளம் காணலாம். ஆனால் எஃப்.ஏ. இப்போது குட்டிப் பரீட்சையாகச் சுருங்கிவிட்டது; கூடவே ஒரு புராஜெக்ட். பெங்களூரு பிரேசர் டவுனின் மாஸ்க் ரோட்டில் சார்ட் வாங்கி, ராத்திரி உட்கார்ந்து ஒட்டி முடிப்பது அம்மா. மதிப்பெண் யாருக்கு என்று கேட்கக் கூடாது.

ரிப்போர்ட் கார்டில் கணக்குக்கு 'பி பிளஸ்', பக்கத்தில் 'இன்னும் முயற்சி தேவை'. எதில்? வகுத்தலிலா, கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதிலா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பிரேசர் டவுனில் இந்தக் குறை இன்னும் உறைக்கும். 1910-இல் கன்டோன்மென்ட் பகுதியில் உருவாகி, புலிகேசி நகர் என்று பெயர் மாறிய இங்கே தமிழும் உருதும் கன்னடமும் பேசும் வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கார்டோ ஆங்கிலத்தில். அரை நாள் லீவு போட்டு வந்த அப்பா, ஐந்து நிமிடச் சந்திப்பில் "கொஞ்சம் கண்டிச்சு வையுங்க மிஸ்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு டியூஷன் தேடப் போகிறார்.

மிஸ்ஸை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நிறைந்த வகுப்பு, பதிவேடு, அதே மதிப்பெண்ணைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஏற்றும் வேலை. அரசின் கவனமும் பரீட்சையில்தான். 5, 8, 9-ஆம் வகுப்புகளுக்கு வாரியப் பாணித் தேர்வு நடத்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு 2024-இல் உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம்வரை போனது. ஏப்ரலில் முடிவுகளை வெளியிடத் தடை வந்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையோ மாணவரின் சுயமதிப்பீடு, சக மாணவர் மதிப்பீடு எல்லாம் சேர்ந்த முழுமையான அட்டையைக் கேட்கிறது. நோக்கம் சரி. நிரப்ப வேண்டிய கட்டங்கள்தான் கூடும்.

எனக்குக் கட்டங்கள் வேண்டாம். ஒவ்வொரு பாடத்துக்கும் எது வந்துவிட்டது, எது வரவில்லை என்று வீட்டுக்குப் புரியும் மொழியில் இரண்டு வரி போதும். அதுவரை, அடுத்த கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் மதிப்பெண்ணை விட்டுவிட்டு விடைத்தாளைக் கேளுங்கள். பிள்ளை எங்கே தடுக்கி நின்றாள் என்று மிஸ்ஸை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.