விளையாடிச் சேர்க்கும் காசு

எங்கள் அபார்ட்மென்ட் பையன்கள் நாலு பேர் போன வாரம் வந்து நின்றார்கள். மொபைல் கேம் டோர்னமென்ட் நடத்தி, அதில் வரும் காசைக் கூடுவாஞ்சேரியில் ஏதாவது ஓர் அரசுப் பள்ளியின் ஓவிய வகுப்புக்குக் கொடுக்கணுமாம். "அங்கிள், நீங்கதான் எழுதுவீங்களே, ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க." நோட்டீஸை அப்படியே வைத்துவிட்டு, இப்படி நடந்த பழைய ஆட்டங்களைத் தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது 2021 ஜூன் 13. கோவிட் நிவாரணத்துக்காக செஸ்.காம் தளத்தில் நம்ம ஊர் விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்களோடு ஆடினார். ஆமிர் கான், சஹல், அரிஜித் சிங் என்று பெரிய பட்டியல். பணம் அட்சய பாத்திரம் அறக்கட்டளைக்கு. இதில் ஜெரோதா நிகில் காமத் ஆனந்தையே தோற்கடித்தார். மறுநாள், கணினியும் ஆட்டத்தை அலசியவர்களும் உதவினார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஜாலிக்கும் தர்மத்துக்கும்தானே ஆடியது என்பது அவர் தரப்பு. நிறைய பேர் அதையே திருப்பிச் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. பார்க்கிறவன் காசு போடுவது ஆட்டம் நிஜம் என்று நம்பித்தான். அது போனால் உண்டியல் குலுக்குவதற்கு எதற்கு ஒரு சதுரங்கப் பலகை?

கணினி உதவி வாங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 2010 முதல் நடக்கும் 'கேம்ஸ் டன் குவிக்' நிகழ்ச்சியில், பழைய வீடியோ கேம்களை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று நாள்கணக்கில் ஆடிக் காட்டுகிறார்கள். அங்கே 2014-லிருந்து டாஸ்பாட் என்று ஓர் இயந்திரமும் வந்து ஆடுகிறது. மனித விரலால் முடியாத வேகம். ஆனால் ஆடுவது மெஷின் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், ஜனங்களும் ரசித்துக் காசு போடுகிறார்கள். இன்னொன்று, 'சூப்பர் மெட்ராய்ட்' கேமின் கடைசியில் கிரகம் வெடிக்கப் போகும்போது அங்கே மாட்டிக்கொண்ட பிராணிகளைக் காப்பாற்றலாம், காப்பாற்றாமல் சில நொடி மிச்சம் பிடிக்கலாம். எது என்பதை நன்கொடையாளர்கள் ஏலம் விட்டு முடிவு செய்கிறார்கள். அசல் மூளை! ஆட்டத்தைக் கெடுக்காமல் பார்ப்பவனையும் உள்ளே இழுக்கிறது.

சரி, பள்ளிக்கு வருவோம். 2012-ல் தமிழ்நாட்டில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் எடுத்தார்கள். பிறகு மெல்ல மெல்ல ஏறி 12,500 ஆனது. அத்தனை பேருக்கும் அந்தச் சம்பளம் என்றால் மாதம் ஏறக்குறைய 20 கோடி. கேம்ஸ் டன் குவிக் 2022 ஜனவரியில் புற்றுநோய்த் தடுப்புக்காகத் திரட்டியது 34 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 25 கோடி. உலகமே உட்கார்ந்து பார்த்த ஆட்டம், நம்ம மாநிலத்துக்கு ஒரு மாதச் சம்பளத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வாத்தியாரை டோர்னமென்ட் வைத்துக் கொண்டுவர முடியாது. அது அரசாங்கத்தின் வேலை. நோட்டீஸில் 'கலைக்கல்வியைக் காப்போம்' என்று போடச் சொன்னான் ஒருவன். மறுத்துவிட்டேன்.

பிரஷ், போஸ்டர் கலர், சார்ட் பேப்பர் வாங்கலாம், அதை மட்டும் எழுதுகிறேன் என்றேன். ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே ஹாலில், ஸ்கிரீன் மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி உட்காரணும். இதற்குத்தான் பையன்கள் முகம் சுளித்தார்கள். திங்கட்கிழமை ஹெட்மாஸ்டரைப் பார்த்து, அங்கே என்ன இல்லை என்று கேட்டுவிட்டு வரப் போகிறோம்.