சாம்பல் சுவருக்குத் துணை நீலமா, செம்மண்ணா?

சேலத்திலும் நாமக்கல்லிலும் புதிதாக எழும் வீடுகளின் ஹாலில் ஆஷ் கலர் பெருகிவிட்டது. ஒரு காலத்தில் ரோஸும் இளம்பச்சையும் ஆண்ட இடம் அது. எதனோடும் ஒத்துப்போகும் நிறம் என்று சொல்லித்தான் சாம்பலை விற்கிறார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. பக்கத்தில் எது வந்து நின்றாலும் அதனால் உடனே மாறிவிடுகிற நிறம் சாம்பல். அதனால் சோபாவும் திரைச்சீலையும் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சுவரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. தரை, கதவு, பல்பு, ஜன்னல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இதை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்து எழுதியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல். பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. அருகில் ஓடிய வேறு நிற நூல்தான் கறுப்பைக் கெடுத்திருந்தது. 1839இல் இதை அவர் நூலாக வெளியிட்டார். சிவப்புக்குப் பக்கத்தில் சாம்பல் பச்சை சாயும், ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் சாயும், நீலத்துக்குப் பக்கத்தில் லேசாக ஆரஞ்சு சாயும். இளம்பிள்ளையில் சேலையின் உடலுக்கும் கரைக்கும் நூல் பொறுக்குகிறவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரிந்த விஷயம். சுவருக்கு நிறம் பொறுக்கும்போது அந்தப் பழக்கத்தை ஏனோ நாம் விட்டுவிடுகிறோம்.

அடுத்து, சாம்பலிலேயே பல சாதி உண்டு. வெள்ளையில் கறுப்பை மட்டும் கலந்தால் வருவது நீலம் சாய்ந்த சாம்பல். மெஷினில் கலக்கும்போது மஞ்சள் ஆக்சைடோ சிவப்பு ஆக்சைடோ சில துளி சேர்ந்தால் அதே சாம்பல் மண் பக்கம் வந்துவிடும். ஷேடு கார்டில் விரலளவு சதுரமாகப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் பிடிபடாது. பிரைமர் அடித்த சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பூசி, அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிப் பார்த்தால் சாயல் தானே வெளியே வரும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரவல் ஆலோசனைகள் பெரிதும் வழுக்கி விழும் இடம் இதுதான். வடக்கு ஜன்னல் குளிர்ந்த வெளிச்சம் தரும், அந்த அறையின் சாம்பலுக்குச் சூடேற்ற வேண்டும் என்பது மேற்கத்திய வீட்டு அலங்கார நூல்களின் நிரந்தரப் பாடம். லண்டனுக்கு அது சரி. சேலம் இருப்பது ஏறத்தாழ 11.65 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரங்களிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இங்கே உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. வருடத்தின் கொடிய வெயில் காலத்தில் வடக்குச் சுவரும் வெயிலை வாங்குகிறது. அந்தப் பாடத்தை அப்படியே இங்கே இறக்கினால், 40 டிகிரியை ஒட்டி வேகும் சித்திரையில் வீட்டுக்கு மேலும் சூடான தோற்றம் தருகிறோம் என்று அர்த்தம். இரவில் கதை வேறு. நம் ஹால்களில் எரிவது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. டியூப். நீலம் சாய்ந்த சாம்பல் அதன் கீழே ஆஸ்பத்திரி வராண்டாவைப் போல் ஆகிவிடும். சாம்பல் பிடிக்கவில்லை என்று வருந்துகிறவர்களில் பலருக்குக் குறை பெயின்டில் இல்லை, டியூபில் இருக்கிறது.

இனி நிறங்களுக்கு வருவோம். வெள்ளை சுத்தமான துணை, மறுப்பதற்கில்லை. கூரைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அதைத் தாண்டி எதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் சோபாவிலும் திரையிலும் வெள்ளை இந்தச் சமவெளியில் நிற்காது. ராசிபுரம் சாலையிலோ ஓமலூர்ப் பக்கமோ கதவைத் திறந்து வைத்த வீட்டில் செம்மண் புழுதி ஒரு வாரத்தில் தன் கணக்கைத் துணியில் எழுதிவிடும்.

கடுகு மஞ்சளுக்கு உலக அங்கீகாரம் இருக்கிறது. பேன்டோன் நிறுவனம் 2021ஆம் ஆண்டின் நிறங்களாகச் சாம்பலையும் மஞ்சளையும் ஜோடியாகவே அறிவித்தது. நம் வீட்டு நிலவரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தரையில் ஏற்கெனவே கிரீம் நிற டைல்ஸ், வாசலில் வார்னிஷ் அடித்த தேக்குக் கதவு. மஞ்சளுக்குப் பங்காளிகளான இவ்விரண்டின் நடுவே கடுகு நிறம் எடுபடாமல் கலங்கிப் போகிறது. வெள்ளை டியூபின் கீழே பச்சை தட்டவும் செய்கிறது.

நீலம்தான் உண்மையான போட்டியாளர். அதன் தரப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மதிய வெயிலில் உள்ளே நுழைகிறவர் கண்ணுக்கு நீலம் ஆறுதல். ஷெவ்ரல் சொன்னபடி பக்கத்துச் சாம்பலையும் அது லேசாக வெதுவெதுப்பாக்கும். தேக்கின் செம்பழுப்புக்கு எதிரில் அடர்நீலம் கம்பீரமாக நிற்கும். இத்தனை இருந்தும் அது இரவில் தோற்கிறது. டியூபின் நீலமும் சுவரின் நீலச் சாயலும் சோபாவின் நீலமும் ஒன்றோடொன்று சேர்ந்தால் அறையில் உட்காரும் மனிதர்களின் முகம்கூட வெளிறித் தெரிகிறது. ஹால் என்பது மனிதர்கள் முகம் பார்த்துப் பேசும் இடம். முகத்தை வெளிறடிக்கும் நிறத்துக்கு நான் முதலிடம் தரமாட்டேன்.

என் தேர்வு செம்மண் நிறம். செங்கல் சிவப்பிலிருந்து அரக்கு வரை நீளும் குடும்பம். இதற்கு எதிரான வலுவான வாதம் ஷெவ்ரலிடமிருந்தே வரும். செங்கல் நிறம் சாம்பலை நீலம் பக்கம் தள்ளுமே, அதைத்தானே தவிர்க்கச் சொன்னோம்? பகலுக்கு அந்த வாதம் பொருந்தாது. சித்திரை மதியத்தில் சுவர் சற்றுக் குளிர்ந்து தெரிவது நமக்கு வேண்டிய குணம். இரவுக்கு அது பொருந்தும், அதனால்தான் இரண்டு நிபந்தனை வைக்கிறேன்: சுவர்ச் சாம்பலில் மஞ்சள் ஆக்சைடின் சாயல் இருக்க வேண்டும், பல்பு 3000 முதல் 4000 கெல்வினுக்குள் இருக்க வேண்டும். இவ்விரண்டும் அமைந்தால் தேக்குக் கதவும் கிரீம் தரையும் செம்மண்ணோடு ஒரே உறவாகச் சேர்ந்துகொள்ளும். புழுதி பட்டாலும் உறுத்தாது. செங்கல் நிறத்துக்கு ஆதாரமான இரும்பு ஆக்சைடு வெயிலில் எளிதில் வெளுக்காத நிறமி என்பதால், வெயில் விழும் இடத்தில் ஒரு பட்டையோ மாடக்குழியோ அந்நிறத்தில் பூசினாலும் நிலைக்கும். கஞ்சமலையில் தாதுவாகக் கிடப்பதும் இந்த வட்டாரத்து மண்ணைச் சிவப்பாக்குவதும் அதே இரும்புதான்.

கருங்கல் கோயில்களைச் சுற்றிய மதிலில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த முன்னோர் இந்தச் சேர்க்கையை நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சோதித்துவிட்டார்கள். கல்லின் சாம்பல் அங்கே ஒருபோதும் சோகையாகத் தெரிவதில்லை. ஆனால் அளவு முக்கியம். ஒரு முழுச் சுவரையும் அரக்கில் அடித்தால் ஹால் இருண்டு சிறுத்துவிடும். சோபா உறை, திண்டு, ஒரு ஜோடித் திரை, அவ்வளவு போதும். தரைக்கு, நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் பவானியின் ஜமக்காளத்தில் சிவப்புப் பட்டை அகலமாக ஓடும் ஒன்றை விரித்தால், இறக்குமதிக் கம்பளம் எதுவும் அதற்கு ஈடாகாது என்பேன்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தீர்ப்பு முழுமையாகப் பொருந்தாது. நீலம் சாய்ந்த சாம்பல் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது, டியூபையும் மாற்ற வழியில்லை என்றால் செங்கல் நிறம் அங்கே சுவரை இன்னும் குளிரவைத்துக் கடுமையாக்கும். அப்படிப்பட்ட ஹாலுக்குப் பச்சையைச் சொல்வேன். துணிப் பச்சையைவிட இலைப் பச்சை மேல். நாமக்கல் ஆஞ்சநேயரின் 18 அடிக் கல் மேனியில் வெற்றிலை மாலை விழும் நாளில் பார்த்தவர்களுக்குக் கல்லோடு இலை எப்படிச் சேரும் என்று விளக்க வேண்டியதில்லை. ஜன்னலோரம் இரண்டு மணி பிளான்ட் தொட்டி வைத்து, திரையை மட்டும் வெளுக்காத பருத்தியின் இயல்பு நிறத்தில் போட்டால் போதும். செம்மண் நிறத்தைச் சொந்தச் சுவர் அமையும் நாளுக்கு ஒத்திவைக்கலாம்.