டார்வின் கேட்ட கதைகள்

அறிவியல் மாணவனுக்குக் கதைப் புத்தகம் எதற்கு என்று உங்களை யாராவது கடிந்துகொண்டிருக்கலாம். அப்படிக் கடிந்துகொள்பவர்கள் சிலர் சார்லஸ் டார்வினைச் சாட்சிக்கு இழுப்பதுண்டு. 1876-இல், தம் 67-ஆம் வயதில் எழுதிய தன்வரலாற்றில், கவிதைச் சுவை தம்மை விட்டுப் போய்விட்டதென்றும், ஷேக்ஸ்பியரைக்கூடப் படிக்க முடியவில்லை என்றும் அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் அதைப் பெருமையாகவா சொல்கிறார்? இல்லை, இழப்பாகச் சொல்கிறார். இன்னொரு முறை வாழ நேர்ந்தால் வாரம் ஒரு முறையாவது கவிதை படிப்பேன், இசை கேட்பேன் என்கிறார். சாட்சி பேசுவது எதிர்க்கட்சிக்கு!

இளைஞர் டார்வினைப் பாருங்கள். பீகிள் கப்பல் பயணத்தின்போது (1831-36) கரையிறங்கிச் சுற்றப் போகையில் ஒரே ஒரு சிறு நூலுக்குத்தான் இடமிருக்கும். அவர் எடுத்துச் சென்றது மில்டனின் 'இழந்த சொர்க்கம்'. 1838-இல், உயிரினங்கள் மாறுவது பற்றி யாருக்கும் காட்டாமல் குறிப்பெழுதிக் கொண்டிருந்த 29 வயதில், படித்த நூல்களுக்கும் ஒரு பட்டியல் தொடங்கினார். அதில் தோட்டக்கலை, கால்நடை வளர்ப்பு நூல்களோடு ஜேன் ஆஸ்டினின் நாவல்களும் இடம் பெற்றன.

கவிதை போன பிறகும் நாவல் போகவில்லை. காலை 8 மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேலை; பிறகு கடிதங்கள்; அதன்பின் சோபாவில் படுத்தபடி, வீட்டார் வாசிக்க நாவல் கேட்பது; பத்தரைக்கு மீண்டும் வேலை. இது டவுன் கிராமத்து வீட்டின் அன்றாட முறை. ஸ்காட், ஆஸ்டின், திருமதி காஸ்கெல் ஆகியோரின் கதைகள் அங்கே திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டன.

இந்த நாவல்களை உயர்தரக் கற்பனை அல்ல என்று அவரே மதிப்பிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆஸ்டின் என்ன செய்கிறார்? நாட்டுப்புறத்துச் சில குடும்பங்களை எடுத்துக்கொண்டு, மனிதருக்கு மனிதர் உள்ள நுட்பமான வேறுபாடுகளைக் கவனிக்கிறார். யாருக்கு யார் துணையாகிறார் என்பதைச் சிறு சிறு சாதகங்கள் எப்படித் தீர்மானிக்கின்றன என்று காட்டுகிறார். புறாக்களின் நுண்ணிய வேறுபாடுகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர் இதைத் தாழ்வாக வைத்திருக்க வேண்டியதில்லை. இதற்காக, நாவலிலிருந்துதான் இயற்கைத் தேர்வு பிறந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அதற்குச் சான்று கிடையாது.

சோகமாக முடியும் நாவல்களைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்றும் அவர் எழுதுகிறார். வேடிக்கைதான். ஆனால் எழுதியவர் யார்? பிறப்பவற்றுள் பெரும்பாலானவை வளர்வதற்குள் மடிகின்றன என்ற கணக்கை நாள்தோறும் எதிர்கொண்டவர். 1851-இல் பத்து வயது மகள் ஆன்னியைப் பறிகொடுத்தவர். அவருடைய அறிவியலில் எந்த உயிருக்கும் நல்ல முடிவு உறுதியில்லை. ஒரு மணி நேரக் கதையிலாவது அது கிடைக்கட்டும் என்று எண்ணினார் போலும். துயரக் கதைகளுக்காக ஜார்ஜ் எலியட்டை அவர் அவ்வளவாக ரசிக்கவில்லை என்கிறார் மகன் பிரான்சிஸ். ஆயினும் அவருடைய 'சைலஸ் மார்னர்' நாவலை மட்டும் அடிக்கடி பாராட்டுவாராம். பொன்னைப் பறிகொடுத்த நெசவாளிக்கு ஒரு பெண் குழந்தை கிடைக்கும் கதை அது.