மறியல் வாசலுக்கு வெளியே: மல்கம் எக்ஸின் சுயசரிதையை மீள வாசித்தல்

நம்மவர்கள் மல்கம் எக்ஸைப் பற்றிக் கதைக்கும்போது அநேகமாக மூன்று இடங்களில்தான் நிற்பார்கள். சிறைக்குள் அகராதியைப் பார்த்து எழுதிய இளைஞன். 1964இல் ஹஜ்ஜுக்குப் போய் நிறவெறியின் மறுபக்கத்தைக் கண்ட ஹாஜி. 1965 பெப்ரவரி 21இல் நியூயோர்க்கில் ஓடபன் மண்டபத்து மேடையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஷஹீத். குத்பாக்களிலும் மாணவர் முகாம்களிலும் இந்த மூன்று மல்கம்களும் நமக்கு நன்றாகப் பழக்கம். ஆனால் 1952 ஓகஸ்ட் 7 என்றொரு நாளும் இருக்கிறது. அன்றுதான் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். வந்தவர் எங்கே தங்கினார், ஆர் சோறு போட்டார்கள், ஆர் வேலை கொடுத்தார்கள் என்று நான் கேட்ட எந்தப் பேச்சிலும் ஒருவரும் சொல்லவில்லை.

அலெக்ஸ் ஹேலியிடம் மல்கம் சொல்லி, அவர் கொல்லப்பட்ட அதே ஆண்டில் வெளிவந்த அந்தச் சுயசரிதையை இந்தக் கேள்வியோடு மீண்டும் வாசித்தேன். நாம் அதை ஒரு ஹிதாயத்தின் கதையாக மட்டும் வாசித்திருக்கிறோம். அப்படி வாசிக்க அந்த நூலின் அமைப்பே இடம் தருகிறது என்பது உண்மை. ஆனாலும் அதே நூலுக்குள், மறியலிலிருந்து வருகிற ஒரு மனிதன் மீண்டும் மனிதனாக வாழ என்னென்ன வேண்டும் என்ற இன்னொரு கணக்கும் எழுதப்பட்டிருக்கிறது. நாம் தவறவிட்டது அந்தக் கணக்கைத்தான்.

முதலில் நூலின் அமைப்பு. சிறை பற்றிய பகுதியில் அடுத்தடுத்து வரும் மூன்று அத்தியாயங்களின் தலைப்புகள் 'சாத்தான்', 'மீட்கப்பட்டவன்', 'மீட்பர்' என்ற பொருளில் அமைந்தவை. மதத்தைத் திட்டித் தீர்த்ததால் சக கைதிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்தான் சாத்தான். பாதாளத்தில் விழுந்தவன் வானத்துக்கு உயர்வது என்ற வார்ப்பு இது. இந்த வார்ப்புக்குப் பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது. தன்னுடைய பழைய குற்ற வாழ்க்கையை மல்கம் பெரிதாக்கியே சொன்னார் என்று மெனிங் மரபிள் 2011இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் வாதிடுகிறார். மரபிளின் எல்லா முடிவுகளோடும் எனக்கு உடன்பாடில்லை. இந்த இடத்தில் அவர் சொல்வது நூலின் நடையோடு பொருந்துகிறது.

இந்த வார்ப்பு இலக்கியத்துக்கு நல்லது. சமூகத்துக்கு நல்லதா என்பதுதான் என் கேள்வி. மறியலிலிருந்து வருகிறவன் மல்கமாக வந்தால் மேடை கொடுப்போம் என்ற மனநிலையை அது நமக்குள் வளர்த்திருக்கிறது. மல்கமாக வராதவன்? சாதாரணமாகத் திருடி, சாதாரணமாகத் தண்டனை அனுபவித்து, சாதாரண மனிதனாகத் திரும்பி வருகிறவன்? அவனுக்கு நம் வாசிப்பில் ஓர் அத்தியாயமும் இல்லை.

இனி அந்த மற்றக் கணக்குக்கு வருகிறேன்.

1946 ஜனவரியில், திருடிய கைக்கடிகாரம் ஒன்றைத் திருத்தக் கொடுத்துவிட்டு, அதை எடுக்கப் போன இடத்தில் பொஸ்டனில் மல்கம் பிடிபட்டார். அப்போது 21 வயது முடியவில்லை. கிடைத்த தண்டனை எட்டு முதல் பத்து ஆண்டுகள். முதற்தடவையாக வீடுடைப்புக் குற்றத்தில் அகப்படுபவனுக்குக் கிடைப்பதைவிட இது பல மடங்கு என்றும், தன்னோடு வெள்ளைப் பெண்கள் சேர்ந்திருந்ததுதான் நீதிமன்றத்தை உண்மையில் உறுத்தியது என்றும் அவர் சொல்கிறார். குற்றம் நடக்கவில்லை என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையில் நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது என்பதுதான் அவருடைய முறைப்பாடு. நீதிச் சீர்திருத்தம் பற்றி இன்று எழுதப்படும் பக்கங்களில் பெரும்பகுதி இந்த ஒரு முறைப்பாட்டின் விரிவுரைதான்.

முதலில் போட்ட இடம் சார்ள்ஸ்டவுன் சிறை. 1805இல் திறந்த கட்டடம். கட்டிலில் படுத்தபடியே இரண்டு சுவரையும் தொடலாம். மலசலத்துக்கு ஒரு மூடி போட்ட வாளி. அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே கொடை பிம்பி என்று நூலில் வரும் ஒரு மூத்த கைதி. வாயால் மட்டும் எல்லோரையும் மதிக்க வைத்த அந்த மனிதர், உனக்கு மூளை இருக்கிறது, படி என்று சொன்னார். ஆனால் படிக்க இடம் வேண்டும். அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவர் மூத்த சகோதரி எல்லா. தம்பியை நோர்போக் சிறைக் குடியேற்றத்துக்கு மாற்றுவதற்காக அவர் விடாமல் முயன்றார். 1948இல் அது கைகூடியது.

நோர்போக் என்ன இடம் என்பதை நாம் கவனிப்பதில்லை. 1920களின் பிற்பகுதியில் ஹொவர்ட் கில் என்பவர் கட்டியெழுப்பிய சீர்திருத்தப் பரிசோதனை அது. சுற்றிவர மதில் உண்டு. உள்ளே கம்பிக் கூடுகள் இல்லை. விடுதி அறைகள், வகுப்புகள், வெளியிலிருந்து வரும் விரிவுரையாளர்கள், வாராந்த விவாத அரங்குகள். செல்வந்தர் ஒருவர் விட்டுச்சென்ற பெருந்தொகை நூல்களால் நிறைந்த நூலகம். மல்கம் அகராதியை முதற் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியதும், இரவு பத்து மணிக்கு விளக்கணைத்த பிறகு நடைபாதை வெளிச்சத்தில் வாசித்ததும், மேடைப் பேச்சுக்குப் பழகியதும் இந்த மதிலுக்குள்தான்.

கில் இதை ஒன்றும் காணவில்லை. கைதிகளுக்குச் செல்லம் கொடுக்கிறார் என்ற குற்றச்சாட்டுகளின் நடுவே 1934இலேயே அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். மல்கம் அங்கே வந்து சேர்ந்தது 14 வருடங்களுக்குப் பிறகு. சிறைச் சீர்திருத்தத்துக்கு எதிராக எப்போதும் சொல்லப்படுவது, இதால் என்ன பிரயோசனம், காட்டுங்க பார்ப்பம் என்பதுதான். நோர்போக்கின் நூலகத்துக்கும் அப்படித் தவணை வைத்துப் பூட்டியிருந்தால், நாம் குத்பாவில் சொல்ல ஒரு மல்கம் இருந்திருக்க மாட்டார். பிற்காலத்தில் அமெரிக்கா அந்தப் பூட்டைப் போட்டும் பார்த்தது: உயர்கல்வி கற்கும் கைதிகளுக்குக் கிடைத்து வந்த பெல் மானியத்தை 1994இல் நிறுத்தி, 2023இல்தான் மறுபடியும் முழுமையாகத் திறந்தது.

நூலகத்தோடு சேர்ந்து குடும்பத்தின் கடிதங்களும் வந்தன. சகோதரர்களும் சகோதரி ஹில்டாவும் எழுதினார்கள், வந்து பார்த்தார்கள். எலைஜா முஹம்மதின் இயக்கத்தை அவர்களே அறிமுகப்படுத்தினார்கள். அந்த இயக்கத்தின் கொள்கை நாம் அறிந்த இஸ்லாம் அல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். மல்கமும் 1964இல் அதை விட்டு வெளியே வந்தார். ஆனால் ஒரு விஷயத்தில் அந்த இயக்கம் நமக்கு முன்னால் நிற்கிறது. அது மறியலில் இருப்பவனைத் தேடிப் போனது. வெளியே வந்தவனை முன்வரிசையில் உட்கார வைத்தது.

அடுத்தது 1952 ஓகஸ்ட். தண்டனைக் காலம் முடியுமுன் விடுதலையாக வேண்டுமென்றால் தங்க வீடும் செய்ய வேலையும் காட்ட வேண்டும். டெட்ரொய்ட்டில் ஒரு தளபாடக் கடையில் முகாமையாளராக இருந்த அண்ணன் வில்பிரட் இரண்டையும் கொடுத்தார். மல்கம் அவருடைய வீட்டில் தங்கி, அந்தக் கடையில் விற்பனையாளராக நின்றார். வெளியே வந்ததும் அவர் வாங்கிய சாமான்கள் மூன்று: கண்ணாடி, பயணப்பெட்டி, கைக்கடிகாரம். ஒரு கடிகாரத்தால் உள்ளே போனவர் காசு கொடுத்து ஒரு கடிகாரம் வாங்குகிறார். நூல் இதை அழுத்திச் சொல்வதில்லை. வாசிக்கிறவன்தான் நின்று பார்க்க வேண்டும்.

வில்பிரட்டின் வீட்டுக் காலைகளைப் பற்றி வரும் பக்கங்கள்தான் என்னைப் பொறுத்தவரை இந்த நூலின் மிக நல்ல பக்கங்கள். ஆர் முதலில் எழும்புவது, வுழூவுக்கு என்ன ஒழுங்கு, பிள்ளைகள் எப்படி ஸலாம் சொல்வார்கள் என்று ஒரு வீட்டின் நடைமுறையை மல்கம் ஆசையோடு விவரிக்கிறார். ஆறரை வருடம் மணியோசைக்கு எழும்பிய மனிதனுக்கு வீட்டின் ஒழுங்கு ஒரு நிஃமத்தாகத் தெரிகிறது. பிற்காலப் பேச்சாளர் மல்கம் இந்த வீட்டிலிருந்துதான் வந்தார். கடையும் வீடும் இல்லாமல் அகராதி மட்டும் இருந்திருந்தால், நிறையச் சொற்கள் தெரிந்த ஒரு முன்னாள் கைதி டெட்ரொய்ட் வீதியில் நின்றிருப்பார், அவ்வளவுதான்.

நூல் 1965இல் முடிகிறது. ஆனால் அந்தக் கொலையே இன்னும் இரண்டு மறியல் கதைகளைத் தொடக்கி வைத்தது. முஹம்மது அஸீஸ், கலீல் இஸ்லாம் என்ற இருவரை 1966இல் குற்றவாளிகளாகக் கண்டார்கள். சம்பவ இடத்திலேயே பிடிபட்ட மூன்றாமவர் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இந்த இருவருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று அதே வழக்கில் சாட்சி சொன்னார். பலனில்லை. அஸீஸ் 1985இலும் கலீல் இஸ்லாம் 1987இலும் விடுவிக்கப்பட்டார்கள், கொலைகாரர்கள் என்ற பெயரோடு. 2021 நவம்பரில்தான் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. அவர்களுக்குச் சாதகமான ஆதாரங்களைப் பொலிஸாரும் எஃப்.பி.ஐ.யும் மறைத்திருந்தமை அப்போது வெளிப்பட்டது. அஸீஸுக்கு அன்று 83 வயது. கலீல் இஸ்லாம் 2009இலேயே மவுத்தாகிவிட்டார். மறு வருடம் நியூயோர்க் நகரமும் மாநிலமும் சேர்ந்து 36 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுக்க இணங்கின. இருபது வருடம் சிறைக்குள். அதன் பிறகு அஸீஸ் 36 வருடம் வெளியே, ஆனால் பெயர் மட்டும் உள்ளே.

இந்த இடத்தில் எனக்கு ஸூரா யூஸுஃப் நினைவுக்கு வருகிறது. விடுதலையாகிப் போகும் சிறைத் தோழரிடம் யூஸுஃப் (அலை) தன்னைப் பற்றி எஜமானிடம் சொல்லச் சொன்னார், போனவர் மறந்துவிட்டார். வெளியே போகிறவர்கள் உள்ளே இருப்பவர்களை மறப்பது அன்றே பதிவான விஷயம். அதைவிடப் பெரிய பாடம் அடுத்தது. அரசர் ஆளனுப்பி அழைத்தபோதும் அவர் உடனே வெளியே வரவில்லை. கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் விவகாரத்தை முதலில் விசாரிக்கச் சொன்னார். பெயர் துப்புரவான பிறகுதான் வந்தார். களஞ்சியப் பொறுப்பைக் கேட்டது அதற்கும் பிறகு. திறந்த கதவு போதாது, பெயரும் திரும்பி வர வேண்டும் என்ற கோரிக்கை அது. அஸீஸுக்கு அந்த ஒழுங்கு தலைகீழாக நடந்தது.

நம் நாட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளே போய், குற்றப்பத்திரமே இல்லாமல் வெளியே வந்தவர்கள் நமது ஊர்களில் இருக்கிறார்கள். நமது எழுத்துலகம் அறிந்த ஒருவரைச் சொல்வதானால் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம். தமிழில் எழுதிய கவிதை நூலைத் தீவிரவாதமாக வாசித்ததால் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். அவருக்கு ஒரு தீர்ப்பாவது கிடைத்தது. தீர்ப்பும் இல்லாமல் வந்தவர்களின் பெயரை ஆர் துப்புரவாக்குவது?

குற்றம் செய்து தண்டனை முடித்தவர்களுடைய பாடு இதைவிட மோசம். கிராம சேவகரின் நற்சான்றிதழ், வெளிநாடு போக பொலிஸ் அறிக்கை என்று ஒவ்வொரு கடதாசியிலும் அவன் மறுபடியும் பிடிபடுகிறான். அரசாங்கத்தின் கடதாசி ஒருபுறமிருக்க, நம்முடைய வாய் இருக்கிறதே! "மறியலுக்குப் போய் வந்தவனுக்கு ஆர் குமர் குடுக்கிற?" "கல்லாப்பெட்டியில வெக்க ஏலுமா அவன?" இதைச் சொல்கிற அதே வாய்தான் மல்கமின் பெயரைக் கேட்டதும் தக்பீர் சொல்கிறது. நமது சிறைகளில் தண்டனை பெற்று நுழைபவர்களில் பெருந்தொகையானோர் தண்டப்பணம் கட்ட வசதியில்லாமல் உள்ளே போகிறவர்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. சமூகஞ்சார் சீர்திருத்தச் சட்டம் 1999இல் வந்தும் இந்த நிலை மாறவில்லை. கடனாளிகளுக்கு ஸகாத்தில் பங்கு உண்டென்று படித்திருக்கிறோம். தண்டப்பணக்காரன் அந்தப் பங்குக்குள் வருவானா என்பதை நமது உலமாக்கள் ஆராய்ந்து சொன்னால் பெரிய உபகாரம்.

பள்ளிவாசல் நூலகங்களிலும் மாணவர் வட்டங்களிலும் இந்தச் சுயசரிதையை வாசிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அகராதி வரும் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். எல்லாவின் அலைச்சலையும், நோர்போக்கின் நூலகத்தையும், வில்பிரட்டின் வீட்டையும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். வெளிச்சத்துக்கு வந்தவர் ஒருவராக இருந்தாலும், அவரை வெளியே எடுக்க ஒரு குடும்பமும் ஒரு ஜமாஅத்தும் பாடுபட்டிருக்கின்றன. நாம் வியாபாரச் சமூகம். தளபாடக் கடைகளுக்கு நமது ஊர்களில் குறைவில்லை. மறியலிலிருந்து வந்த ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலைல கடைக்கு வாங்க தம்பி" என்று சொல்லும் முதலாளி ஒருவர் இந்த நூலை நம்மில் பலரை விடவும் சரியாக வாசித்திருக்கிறார் என்பேன். அவர் அதைக் கையால் தொட்டிருக்காவிட்டாலும் சரி.