குரல்களால் ஒரு நாடகம்

மேடையும் இல்லை, வேஷமும் இல்லை, குரல்தான் பாத்திரம். ஜெர்மானியப் பாடகர் டோபியாஸ் சாமெட் 2001இல் கொண்டுவந்த அவாண்டாசியா என்ற இசைத் திட்டத்தின் ‘தி மெட்டல் ஓபரா’ அப்படிப்பட்ட ஆல்பம். கதை நடப்பது 1602இல், மைன்ஸ் நகரில். சூனியக்காரி என்று சிறையில் தள்ளப்பட்ட அன்னாவை மீட்கத் துடிக்கும் இளந்துறவி கேப்ரியலாக சாமெட்டே பாடுகிறார். மெட்டல் இசையை விட்டு ஒதுங்கியிருந்த பாடகர் மைக்கேல் கிஸ்கே, ‘எர்னி’ என்ற புனைபெயரில் வந்து உச்சஸ்தாயியில் அசத்துகிறார்.

‘ஃபேர்வெல்’ பாடலில் கிதார் முழக்கத்துக்கு நடுவே அன்னாவாக ஷாரன் டென் அடெலின் மெல்லிய குரல் நுழைகிறது. அதுவரை கேப்ரியலின் ஏக்கமாக மட்டுமே இருந்தவள் உயிர்பெறுகிறாள். விருந்தினராக வந்த பாடகர் எவரும் ஒப்புக்குப் பாடவில்லை. கதை 2002இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் முடிகிறது. இரண்டையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள்.