எலி தின்ற சாட்சியம்

‘கஞ்சாவை எலி தின்னுடுச்சு.’ 2023இல் சென்னைச் சிறப்பு நீதிமன்றத்தில் போலீஸ் தரப்பு தந்த விளக்கம் இது. 2020இல் மெரினா பகுதியில் பிடித்ததாகச் சொன்ன 22 கிலோவில், மாதிரிகள் போக மீதியைக் காட்ட முடியவில்லை. குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலை. 2022இல் மதுராவிலும் இதே கதைதான். அங்கே 581 கிலோ. பத்திரிகைகள் சிரித்தன. நாமும் சிரித்தோம்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு: ‘போலீஸ் கோட்டை விட்டதால குத்தவாளி தப்பிச்சுட்டான்.’ முற்போக்கு நண்பர்கள்கூட இப்படித்தான் பேசுகிறார்கள். கேள்விக்குட்படுத்த வேண்டியது இந்த வாசிப்பைத்தான். அவன் குற்றவாளி என்று எதை வைத்து முடிவு செய்தோம்? போலீஸ் எழுதிய மகஜரை வைத்து.

மகஜர் ஒரு பிரதி. அதை எழுதுவது போலீஸ். அதில் வரும் நாயகனும் போலீஸ். பெரும்பாலும் அதற்குச் சாட்சியும் போலீஸ். ‘ரகசியத் தகவல்’, ‘சந்தேகத்துக்கிடமாக நின்ற நபர்’ என்று வழக்குக்கு வழக்கு அதே வாசகம். இந்தக் கதையாடலுக்கு வெளியே நின்று அதைச் சோதிக்கக் கூடியது பொருள் மட்டுமே: மூட்டை, எடை, அரக்கு முத்திரை, மாதிரி.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வழக்கமான நியாயத்தைத் தலைகீழாக்கியது. 35, 54ஆம் பிரிவுகளின்படி, கையில் சரக்கு இருந்ததைக் காட்டிவிட்டால் போதும். குற்றமில்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். வணிக அளவு என்றால் 37ஆம் பிரிவு ஜாமீனை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. தண்டனை குறைந்தது 10 ஆண்டு. கஞ்சாவுக்கு வணிக அளவு 20 கிலோவுக்கு மேல். 22 கிலோ அந்தக் கோட்டை இரண்டே கிலோவில் தாண்டுகிறது. சட்டத்தின் வரையறைப்படி பூவும் காயும் உள்ள நுனிகளே கஞ்சா. நுனி சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. அன்று தராசில் ஏறியது எது? மூட்டையே இல்லாதபோது இதை யாரிடம் கேட்பது?

ஆகவே முத்திரையும் மாதிரியும் வெறும் ‘நடைமுறை’ அல்ல. கூலிக்குப் பொட்டலம் தூக்கியவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே தற்காப்பு. 2008இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம், கைப்பற்றியதை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும் என்றது. கிடங்குகளிலிருந்து சரக்கு களவு போவதை 2016இல் மோகன்லால் வழக்கில் விசாரித்து, மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலோ, அந்த விதி மீறப்பட்டது என்பதால் மட்டும் வழக்கு விழாது, சான்றுப் பொருளில் முரண்பாடு தெரிய வேண்டும் என்றது. முரண்பாட்டைத் தேட வேண்டிய பொருள் இருப்பதோ போலீஸ் காவலில்.

‘கஞ்சா கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவேன்’ என்பது தமிழ்நாட்டில் யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத மிரட்டல். தெருவில் நிற்கிற தோழர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அந்த மிரட்டலுக்கும் தண்டனைக்கும் நடுவே நிற்பது ஓர் அரக்கு முத்திரை. அதைச் சட்டத்தின் ஓட்டை என்று சொல்வது யாருடைய மொழி?